பாகூர் மனைக்குக் கடலூர் வக்கீல் போதுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். உயில் எழுதாமல் காலமான என் தந்தைக்குப் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் வீடும் மனையும் உள்ளன. அண்ணன் பங்கு தர மறுக்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறிமுகமான ஒருவர், தமக்குத் தெரிந்த வக்கீலை வைத்து முடித்துத் தருவதாகச் சொல்லி 15,000 ரூபாயும் தாய்ப்பத்திரமும் வாங்கிக்கொண்டார். கிடைக்கும் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கும் கேட்கிறார். வக்கீலை நான் இதுவரை பார்க்கவில்லை. புதுச்சேரி வக்கீல்தான் வேண்டுமா? அவர் உண்மையான வக்கீல்தானா என்று எப்படி அறிவது?

பதில்: சகோதரி, மனை எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதால், உங்கள் வழக்கு புதுச்சேரியில் நடக்கும். ஆனால் வக்கீல்களைப் பதிவுசெய்யும் அமைப்பான பார் கவுன்சில், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றே. கடலூர் வக்கீல் தாராளமாக அங்கே வழக்காடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரே வருவாரா, ஜூனியரை அனுப்புவாரா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரேயொரு சூழ்நிலையில் புதுச்சேரியில் பழக்கப்பட்டவரையே தேடச் சொல்வேன். பிரெஞ்சு ஆட்சியில், 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படி, சிலர் தங்கள் சொந்த வாரிசுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றார்கள். அப்போது குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொண்டார்கள். அத்தகையோரின் வழிவந்தவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. பங்குக் கணக்கே வேறாகிவிடும். உங்கள் பாட்டனார் காலத்துத் தாள்களில் பிரெஞ்சில் எழுதிய பதிவோ, பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயரோ காணப்பட்டால், முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் காட்டுங்கள். பிராது தாக்கலான பிறகு இது வெளிவந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

இனி உங்களிடம் பணம் வாங்கிய மனிதரைப் பற்றி. கிடைக்கும் சொத்தில் பங்கு பேசுவதும், வக்கீல் அல்லாதவரோடு கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வதும் பார் கவுன்சில் விதிகளின்படி வக்கீலுக்குத் தடைசெய்யப்பட்டவை. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதற்கும் அதே விதிகளில் தடை உண்டு. ஆகவே, இப்படி ஓர் ஆளை அனுப்பிப் பங்கு கேட்பவர் வக்கீலாகவே இருந்தாலும், உங்கள் வழக்கை அவரிடம் ஒப்படைக்க வேண்டாம். இணையத்தில் வக்கீல்களை நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தித் தரும் தளங்களையும் நம்பாதீர்கள். அவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. தரகர்கள் பெருகுவதற்கு நம் அமைப்பும் காரணம். நீதிமன்ற வாசலில் வக்கீல்களின் பெயரையும் பதிவு எண்ணையும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைக்க என்ன செலவாகிவிடும்? அதைச் செய்யாமல், விவரம் அறியாத மக்களைப் பத்திர எழுத்தர் மேசைக்கும் டீக்கடை பெஞ்சுக்கும் அலையவிடுகிறோம்.

வக்கீலை அவருடைய அலுவலகத்தில் நேரில் பாருங்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். நம் பார் கவுன்சிலில் பதிந்தவர் என்றால் பொதுவாக எம்.எஸ். என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் பதிவான ஆண்டும் அதில் இருக்கும். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள பார் கவுன்சிலில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் வக்கீலின் பெயரைக் கொண்டு தேடினால், புதுச்சேரி நீதிமன்றங்களில் அவர் நடத்தும் வழக்குகள் தெரியும். உங்களுக்காக வழக்காட அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் அவர் பெயரும் பதிவு எண்ணும் முகவரியும் எழுதப்பட்ட பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம். நீதிமன்றத்தில் வழக்குக்கு எண் கொடுக்கப்பட்டதும், அதன் தனி அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொண்டால், அடுத்த வாய்தா என்றைக்கு என்று யாரையும் கேட்காமல் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உதவி உண்டு. புதுச்சேரி சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகத் தாய்ப்பத்திரத்தைத் திரும்ப வாங்குங்கள். கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்கு ஆவணங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கே உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் சொல்லியிருக்கும்போது, இடையில் வந்தவருக்கு எங்கிருந்து வரும்? பத்திரத்தையும் பணத்தையும் கேட்டுக் கடிதம் எழுதி, கிடைத்ததற்கான சான்று பெறும் வகையில் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் தராவிட்டால், அதன் நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.