இதயமாற்றில் நோயியலாளருக்கு என்ன வேலை?

மாற்று அறுவையில் பெயரெல்லாம் அறுவை மருத்துவருக்கே போகும்போது, நோயியல் படித்த தங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நோயியலாளர் மார்கரெட் பில்லிங்ஹாமைப் பாருங்கள். கழுத்துச் சிரை வழியே பயாப்டோம் என்ற சிறு கிள்ளுகருவியைச் செலுத்தி, மாற்றப்பட்ட இதயத்தின் வலது கீழறையிலிருந்து கிள்ளியெடுத்த கடுகளவு தசைத்துணுக்கில், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் தசையிழைகளுக்கிடையே வெறுமனே திரண்டிருக்கின்றனவா, தசைச் செல்களையே சிதைக்கத் தொடங்கிவிட்டனவா என்று பிரித்தறியும் அளவுகோலை 1970களில் வகுத்தவர் அவர். உடல் புது இதயத்தை ஏற்காமல் தாக்கும் நிராகரிப்புக்கு எதிரான மருந்தைக் கூட்டுவதா வேண்டாமா என்ற முடிவு அந்தத் துணுக்கை வைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித்தகட்டைச் சார்ந்தே இருந்தது. 1981இல் அங்கே இதயமும் நுரையீரலும் ஒன்றாக மாற்றப்பட்ட பின், நுண்மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடுவதையும் ஆராய்ந்தார். புகழ் குறைவுதான், மறுக்கவில்லை. தங்கள் மருத்துவமனையில் இதயமாற்று நடக்கிறதென்றால், முதலில் பயாப்சி (திசுத்துணுக்கு) ஆய்வுக் கூட்டங்களில் அமர அனுமதி கேளுங்கள்.