கேள்வி பதில்: லயத்துச் சுவருக்கு மேலால் வரும் புகை

கேள்வி: பஸ்ஸிலும் பிடிக்க விடுகிறார்கள் இல்லை, கடைக்குள்ளும் விடுகிறார்கள் இல்லை என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டுக்காரர் லயத்துக் காம்பராவுக்குள், எங்களுடைய ஒற்றை அறைக்குள், உட்கார்ந்து சிகரட் பற்றவைக்கிறார். "இழுக்கிறது நான், உனக்கு என்ன?" என்கிறார். எனக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாதா? (வாசகி, டிக்கோயா)

பதில்: ஆகும் தங்கச்சி. நுரையீரல் கதையை கிளினிக்கில் கேட்டிருப்பீர்கள், நான் மண்டைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். மூளைக் கலங்களில் அசற்றைல்கொலின் என்ற இரசாயனத்தைப் பிடித்துக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன, ரிசெப்டர் என்பார்களே, அதுதான். நிக்கொட்டினும் அதே இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இழுத்த புகையிலிருந்து அது மூளைக்குப் போய்ச் சேர அரை நிமிடம்கூடத் தேவையில்லை, போனதும் சுகம் தரும் டோபமின் என்ற இரசாயனம் சுரக்கும், "அப்பாடா" என்று இருக்கும். 2011 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 24 பேர், புகைப்பவர்களும் புகைக்காதவர்களுமாக. காருக்குள் ஒரு மணி நேரம், பக்கத்தில் இருப்பவர் சிகரட் பிடிக்க, இவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் அந்த ஏற்பிகளில் சராசரியாக 19 சதவீதத்தை நிக்கொட்டின் பிடித்திருந்தது. அந்த ஒரு மணி நேரம் வாயில் சிகரட் வைக்காதவர்களுடைய மூளை அது.

இப்போது நம்முடைய காம்பராவை யோசித்துப் பாருங்கள். குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டுத்தான் உட்காருகிறோம், பழைய லயன்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நடுச்சுவர் கூரைவரை போவதும் இல்லை, பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் நமக்குச் சோறு இறங்கும். கருவாட்டு வாசம் வருகிற வழியில் புகை வராதா?

சட்டத்தைக் கேட்டால், இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்திருக்கிறது. வீட்டுக்குள் அது வராது. இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், நின்றாலும் புகை உள்ளேதான் வரும், கொஞ்சத் தூரம் தள்ளிப்போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள். மழை பெய்தால்? நனையட்டும்.

கேள்வி: கடைக்குள் பிடிக்காதே என்று போர்ட் போட்டால் பழகியவன் விட்டுவிடுவானா? எனக்கு இருபது வருஷப் பழக்கம், காலையில் முதல் சிகரட் இல்லாமல் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போக முடியாது. (வாசகர், பொகவந்தலாவை)

பதில்: போர்ட்டைப் பார்த்து யாரும் விடுவதில்லை அண்ணே, ஆனால் அந்தப் போர்ட் விட நினைப்பவனுக்கு உதவும். மேலே சொன்ன ஆய்விலேயே, புகைப்பவர்களுக்கு அடுத்தவர் விட்ட புகை பட்டதும் ஆசை கூடியது. தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் ஊதிக்கொண்டிருக்க நடுவில் நீங்கள் மட்டும் வைராக்கியமாக இருப்பது லேசுப்பட்ட காரியமா?

முதல் சிகரட் விஷயத்துக்கு வருவோம். வருஷக்கணக்காக நிக்கொட்டின் போய்க்கொண்டே இருந்தால் ஏற்பிகள் மரத்துப்போகும், மூளை அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். இரத்தத்தில் உள்ள நிக்கொட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது, அதனால் நீங்கள் தூங்கி எழும்பும்போது அத்தனை ஏற்பியும் வெறுமையாக வாயைத் திறந்துகொண்டு இருக்கும். எரிச்சல், கை நடுக்கம், பெண்சாதியோடு சண்டை எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. (ஏற்பி என்ற யோசனையே நிக்கொட்டினால் பிறந்தது என்பது வேடிக்கை. 1905 இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் கோழியின் தசையில் நிக்கொட்டினை விட்டுப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்.)

நல்ல செய்தி என்னவென்றால், நிறுத்திய பிறகு கூடிய ஏற்பிகள் மெல்லக் குறைந்து புகைக்காதவரின் அளவுக்கு வந்துவிடுகின்றன, ஏறக்குறைய மூன்று மாதம். முதல் வாரம்தான் கொடுமை, நானும் பட்டவன்தான், அந்த வாரத்தில் என்னோடு யாரும் பேசவில்லை. தனியாக முடியாவிட்டால் 1948 என்ற எண்ணுக்கு எடுங்கள், புகைத்தலை விட நினைப்பவர்களுக்கான அரச தொலைபேசி இலக்கம். நம் குடியுரிமை பறிபோன வருஷமும் 1948தான், அதை மலையகத்தில் யாரும் மறக்க மாட்டோம், ஆகவே எழுதி வைக்கத் தேவையில்லை.

கேள்வி: மகனுக்குப் பதினாறு வயது. அப்பாவுக்கு என்று சொன்னால் கடையில் சிகரட் கொடுத்துவிடுகிறார்கள், சரியா? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: பிழை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம், அப்பாவுக்கு என்றாலும். அப்பாவே நடந்து போகட்டும்.

கேள்வி: நான் சிகரட்டைத் தொடுவதில்லை, மலையில் கொழுந்து எடுக்கும்போது பசி தெரியாமல் இருக்க வெற்றிலையோடு துண்டுப் புகையிலை மட்டும். கன்னத்துக்கு உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது, வலி இல்லை. (வாசகி, அக்கரப்பத்தனை)

பதில்: நிக்கொட்டினுக்கு நெருப்பு தேவையில்லை அக்கா, கன்னத்தின் உட்தோல் வழியாகவும் இரத்தத்துக்குப் போகும், கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். புகையிலையை எடுத்துவிட்டாலும் பாக்கு மிஞ்சும், அதையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. வலி இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். அந்தத் திட்டை இந்த வாரமே பல் டொக்டரிடம் காட்டுங்கள், ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனாலும் பரவாயில்லை.