ஒட்டிய படங்களை இழுக்க வேண்டாம்

அப்பப்பாவின் டிரங்குப் பெட்டியில் யாழ்ப்பாணப் பத்திரிகையான 'ஈழநாடு' தாள்களும் ஒன்றோடொன்று ஒட்டிய பத்திரிகைப் புகைப்படங்களும் இருப்பதாகவும், லேமினேட் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பிறகு பிரிக்கவே இயலாது. தாளில் உள்ள அமிலம் உள்ளேயே இருந்து அரிக்கும். செலோடேப்பும் கூடாது.

படங்களைப் பொறுத்தவரை, உருவம் இருப்பது மேலே உள்ள ஜெலட்டின் பூச்சில். இழுத்தால் முகமே உரிந்துவிடும். அப்படியே வைத்திருந்து, பழக்கமுள்ளவரிடம் காட்டுங்கள். நெகட்டிவில் வினாகிரி வாடை வந்தால் அதைத் தனியாக எடுத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துத்தான்! முத்திரை, பென்சில் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

தாள்களை விரித்துத் தட்டையாக, அமிலமற்ற பெட்டியில் வையுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால், மாரிகாலத்தில் பூஞ்சணம் நிச்சயம்.

அப்புறம், 1959இல் தொடங்கிய ஈழநாட்டின் அலுவலகமும் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த அதே நாட்களில்தான் எரிந்தது. ஆகவே கிழிந்த இதழையும் எறியாதீர்கள். 2005 முதல் மின்னூலகம் நடத்தும் 'நூலகம்' என்ற நிறுவனத்துடன் பேசுங்கள். மூலப்பிரதி திரும்பக் கிடைக்குமா என்பதைக் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.