வாசகர் கேள்வி – பதில்: முதியவர்களுக்குத் துணையாக

கேள்வி: பணி ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. தனியாக வாழும் முதியவர்களைச் சென்று பார்க்கும் தன்னார்வப் பணியில் சேர விரும்புகிறேன். எனக்கு மருத்துவமோ செவிலியமோ தெரியாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். இதனால் யாருக்கு என்ன பயன் இருக்கப்போகிறது?

பதில்: ஒரு மணி நேரம் போதும். ஆனால் அது ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில், அதே நேரத்துக்குத் தவறாமல் வர வேண்டும். முதல் மாதம் வாரத்துக்கு மூன்று முறை ஓடிச்சென்றுவிட்டு, நான்காம் மாதம் சொல்லாமல் நின்றுவிடுபவர் செய்வது உதவியே அல்ல என்பது என் கருத்து. நீங்கள் வரும் நாளில் அந்த முதியவர் காலையிலேயே சட்டை மாற்றி, இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாற்காலி காலியாகவே இருந்துவிட்டால், யாரும் வருவதாகச் சொல்லாத நாளைவிட அந்த நாள் அவருக்குக் கொடியதாகிவிடும்.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுபவையும் நம்மால் மாற்றக்கூடியவையுமான 14 காரணிகளை, லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை பட்டியலிட்டது. மனிதத் தொடர்பு அற்றுப்போவதும் செவித்திறன் குறைவதும் அவற்றுள் இருக்கின்றன. இவ்விரண்டும் பெரும்பாலும் கைகோத்தே வருகின்றன. காது மந்தமானவர் முதலில் கூட்டத்தைத் தவிர்ப்பார், பிறகு தொலைபேசியைத் தவிர்ப்பார், கடைசியில் பேச்சையே குறைத்துக்கொள்வார். ஆகவே உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி அவருக்கு நேர் எதிரே உட்காருங்கள், தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். அவரிடம் ஏதாவது கற்றுக்கொள்ளவும் முயலுங்கள். நாள் முழுவதும் பிறரிடம் உதவி வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு, தானும் ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்க முடிகிறது என்பது பெரிய ஆறுதல்.

நீங்களாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட, பயிற்சியும் ஓர் ஒருங்கிணைப்பாளரும் உள்ள அமைப்பின் வழியாகச் செல்லுங்கள்; அவர்கள் உங்கள் பின்னணியை விசாரித்தால் வருத்தப்படாதீர்கள்.

கேள்வி: நான் சென்று பார்க்கும் அம்மாவுக்கு 82 வயது; அல்சைமர் நோய் உள்ளது. “எங்கம்மா எப்போ வருவாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒருமுறை, “அவங்க இறந்து ரொம்ப நாளாச்சும்மா” என்று உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் செய்தி வந்ததுபோல் கதறி அழுதார். அரை மணி நேரத்தில் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார். நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா?

பதில்: உங்கள் மனம் எவ்வளவு பதறியிருக்கும் என்று புரிகிறது. இந்தப் பணியில் இருப்பவர்களில் பலர் இதே தவற்றைச் செய்துதான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், நான் உட்பட.

புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி, டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோயில் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகிறது. அதனால் நேற்றையது நிற்பதில்லை. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முந்தையதோ தெளிவாக எழுந்து வருகிறது. தாயின் மரணம் அவருக்கு ஒவ்வொரு முறையும் புதுச் செய்தியாகத்தான் போய்ச் சேரும். முற்காலத்தில் பல காப்பகங்களில், இன்று என்ன கிழமை, இருப்பது எந்த இடம் என்று திரும்பத் திரும்பத் திருத்துவதையே நல்ல பராமரிப்பு என்று கருதினார்கள். நோயின் தொடக்க நிலையில் இருப்பவருக்கு நாள்காட்டியும் கடிகாரமும் இன்றும் உதவுகின்றன. ஆனால் நோய் முற்றியவரிடம் இந்தத் திருத்தம் வாக்குவாதமாகவே முடிகிறது என்பதைக் கண்ட நவோமி ஃபைல் என்ற சமூகப்பணியாளர், சொல்லப்படும் தகவலை விட்டுவிட்டு அதன் அடியில் இருக்கும் உணர்வுக்குப் பதில் சொல்லும் முறையை உருவாக்கினார்.

எனவே உங்கள் முன்னால் இருப்பவை உண்மையும் பொய்யும் மட்டும் அல்ல. “அடுத்த வாரம் வந்துவிடுவார்” என்ற பொய்யும் தேவையில்லை. “அம்மா நினைப்பு வந்துடுச்சா? அவங்க எப்படி இருப்பாங்க, சொல்லுங்களேன்” என்று கேட்டுப் பாருங்கள். அவர் தேடுவது பெரும்பாலும் தாயிடம் கிடைத்த பாதுகாப்பைத்தான். அதைப் பற்றிப் பேசப் பேசப் பதற்றம் தணிவதுண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி, மாலை ஐந்து மணியானதும் கைப்பையை மாட்டிக்கொண்டு, சொந்த வீட்டிலேயே கதவருகே நின்று, “வீட்டுக்குப் போகணும்” என்பார். இதுதான் உங்கள் வீடு என்று மகன் சொல்லும்போதெல்லாம் சண்டை மூளும். அங்கு வந்த தன்னார்வலர் ஒருவர், “வீட்ல என்ன வேலைம்மா இருக்கு?” என்று கேட்டார். “பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துடுவாங்க. துணியெல்லாம் அப்படியே கிடக்கு.” அன்றுமுதல் அந்த நேரத்தில், துவைத்து உலர்ந்த துண்டுகளை ஒரு கூடையில் போட்டு அவர் மடியருகே வைத்தார்கள். ஓரத்தோடு ஓரம் பொருத்தி, உள்ளங்கையால் நீவி நீவி, பன்னிரண்டு துண்டுகளையும் அவர் மடித்து அடுக்குவார். பை நாற்காலியில் கிடக்கும். சில நாட்களில் இது பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது அவரோடு சற்று வெளியே நடந்துவிட்டு வருவதைத் தவிர வேறு வழி இல்லை.

கேள்வி: நான் துணைக்குச் செல்லும் பெரியவர் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்துப் பணம் எடுத்து வரச் சொல்கிறார். மறுத்தால் மனம் நோகுமே?

பதில்: நோகட்டும், மறுத்துவிடுங்கள். பணம், நகை, கையெழுத்து, மாத்திரை ஆகியவற்றில் தன்னார்வலர் கைவைக்கக் கூடாது. “எங்க அமைப்புல இதுக்கு அனுமதி இல்லைங்க ஐயா” என்று பழியை விதியின்மேல் போட்டுவிட்டு, அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவித்துவிடுங்கள். இன்று உங்களிடம் எண்ணைச் சொல்பவர் நாளை வேறு யாரிடமும் சொல்வார் என்பதால், குடும்பத்தினருக்கும் இது தெரிந்தாக வேண்டும்.

கேள்வி: டிமென்ஷியா உள்ள ஒரு பெரியவரை ஆறு மாதமாகச் சென்று பார்க்கிறேன். போன வாரம்வரை முகம் மலர வரவேற்றவர், இந்த வாரம் என்னை அடையாளமே தெரியாமல் அரைத் தூக்கத்தில் உளறினார். நோய் முற்றிவிட்டது என்கிறார்கள் வீட்டில். இனி நான் போய் என்ன ஆகப்போகிறது?

பதில்: முதலில், வீட்டாரிடம் இன்றே பேசி அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். அல்சைமர் போன்ற நோய்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்குபவை. சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ ஒருவர் தலைகீழாக மாறினால், சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து போன்றவற்றால் வரும் திடீர்க் குழப்பநிலையாக இருக்கக்கூடும். இது அவசரமாகக் கவனிக்க வேண்டிய நிலை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சை அளித்தால் பலர் தேறுகிறார்கள். வாரம் ஒருமுறை வரும் உங்கள் கண்ணில் இந்த மாற்றம் பட்டதே, அதுவே நீங்கள் போய்வருவதன் பயன்களில் ஒன்று.

நாளடைவில் மெல்ல உங்களை மறந்துபோனாலும் போவதை நிறுத்தாதீர்கள். 2014இல் வெளியான, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வொன்றில், அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமும் மகிழ்ச்சியும் ஊட்டும் படத்துண்டுகளைக் காட்டினார்கள். பார்த்த காட்சி நினைவைவிட்டுப் போன பிறகும், அது எழுப்பிய உணர்வு அவர்களிடம் நீடித்தது. அதனால் அடுத்த முறை உள்ளே நுழைந்ததும், “நான் யார்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று சோதிக்காமல், அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து உங்கள் பெயரை நீங்களே சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.