விலைச்சீட்டுக்கு அருகில் இன்னொரு சீட்டு

கேள்வி: என் தங்கையின் மகன் அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் வேலை பார்க்கிறான். ரொயோட்டாவின் ஜிஆர் கொரோலா என்னும் வேகக் காரை வாங்குவதற்காக இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்தான். கடைக்குப் போனபோது, கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைக்கு மேல் எண்ணாயிரம் டொலர் கேட்டார்களாம். ரொயோட்டா போன்ற பெரிய நிறுவனத்தால் கேட்பவர்களுக்கெல்லாம் போதிய கார்களைச் செய்ய முடியாதா? ஒட்டிய விலைக்கு மேல் கேட்பது குற்றமில்லையா? அவன் அனுப்பிய படத்தையும் இணைத்திருக்கிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவில்)

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியின் உட்புறத்தில் இரண்டு சீட்டுகள் தெரிகின்றன. பெரிய சீட்டில் காரின் பெயர், இயந்திரம், எரிபொருள் செலவு, ஏற்றியிறக்கும் கூலி, கடைசியில் மொத்த விலை ஆகியவை வரிசையாக அச்சாகியுள்ளன. அதற்குப் பக்கத்தில் கடைக்காரர் தாமே அச்சிட்டு ஒட்டிய சிறு சீட்டில் ‘மார்க்கெற் அட்ஜஸ்ற்மென்ற்’ (சந்தை நிலவரத்துக்கேற்ற விலைத் திருத்தம்) என்ற ஒரே வரியும் அதற்கு நேரே எண்ணாயிரம் டொலரும் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி, இந்த இரண்டு சீட்டுகளையும் ஒட்டியவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்பதில் அடங்கியுள்ளது.

பெரிய சீட்டு 1958இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத்தின்படி ஒட்டப்படுவது. அதைக் கொண்டுவந்த ஒக்லஹோமா மாநிலத்துச் செனற்றர் மைக் மொன்ரோனியின் பெயராலேயே அந்தச் சீட்டை இன்றும் அழைக்கிறார்கள். காரின் உண்மையான விலை என்னவென்று வாங்குபவருக்குத் தெரியாதிருந்த காலத்தில், அதை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கவேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். அந்த விலைக்குத்தான் விற்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதில் உள்ளது, உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை மட்டுமே. நமக்கு இது விசித்திரமாகப் படுவதற்குக் காரணம், சவர்க்காரக் கட்டியிலும் பால்மாப் பொதியிலும் அச்சிட்டிருக்கும் உச்ச சில்லறை விலைக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கினாலும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வழக்குப் போடும் நாட்டில் நாம் வாழ்வதுதான். அமெரிக்காவில் ரொயோட்டா தன் காரை முகவரான கடைக்காரருக்கு விற்றுவிடுகிறது; அதன்பின் அது முகவரின் பொருள். சாதாரணக் கார்களை அந்த முகவர்களே பெரிய சீட்டிலுள்ள பட்டியல் விலைக்குக் கீழே கழிவு கொடுத்து விற்பதும் உண்டு. கீழே இறங்க இடமளிக்கும் அதே சட்டம் மேலே ஏறவும் இடமளிக்கிறது. ஆகவே உங்கள் தங்கை மகனிடம் கேட்டது குற்றமல்ல. நியாயமா என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி, ஏன் போதிய அளவு செய்வதில்லை என்ற கேள்விக்கு வருவோம். ஜிஆர் கொரோலா 2023ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவுக்கு வந்தபோது, முதலாண்டுக்கு என அங்கு ஒதுக்கப்பட்டவை ஏறத்தாழ 6,600 கார்கள் மட்டுமே. அங்கே ரொயோட்டா முகவர்கள் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இருப்பதால், ஒருவருக்கு ஆண்டு முழுவதற்கும் ஐந்தாறு கார்கள்தான் பங்காகக் கிடைத்தன. சாதாரணக் கொரோலாவைப் போல அது ஓடும் பட்டியில் நகர்ந்து நிமிடக் கணக்கில் வெளிவருவதில்லை. ஜப்பானின் ஐச்சி மாநிலத்து மொத்தோமாச்சி ஆலையில் இதற்கென்று ஒதுக்கிய பகுதியில், உடற்கூட்டைத் தானியங்கி வண்டிகள் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு ஏந்திச் செல்ல, தேர்ந்த தொழிலாளர்கள் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று கைவேலையாகப் பொருத்துகிறார்கள். மூன்றே சிலிண்டர்களும் 1.6 லீற்றர் கொள்ளளவும் கொண்டு 300 குதிரைவலு தரும் அதன் இயந்திரம், உலக ரலிப் போட்டியை முன்வைத்து உருவாக்கிய ஜிஆர் யாரிஸ் காருக்காகப் பிறந்தது. யாரிஸும் அதே ஆலையில்தான் உருவாகிறது. ஆக, அந்த முதல் ஆண்டுகளில் அமெரிக்காவுக்கு ஒரு கார் கூடுதலாக அனுப்பவேண்டுமென்றால், பெரும்பாலும் வேறொரு நாட்டுக்குப் போகவேண்டிய காரைத்தான் நிறுத்தவேண்டியிருந்தது.

இன்னோர் ஆலையைக் கட்டிவிடலாமே என்று கேட்கலாம். வேகக் காருக்கு உள்ள கேள்வி, அதாவது அதை வாங்க எழும் விருப்பம், தைப்பொங்கலுக்கு முந்திய நாள் சந்தையில் கரும்புக்கு உள்ள கேள்வி போன்றது. அதை விரும்புகிறவர்கள் முதல் ஆண்டிலேயே ஓடிவந்து வாங்கிவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் புதுமை தீர்ந்து, இன்னொரு நிறுவனத்தின் புதுக் கார் மீது கண் போய்விடுகிறது. ஆலையோ இருபது முப்பது ஆண்டுகளுக்கு முதல் போட்டு நிறுத்துவது. முதலாண்டுக் கூட்டத்தைக் கணக்கிட்டு ஆலை கட்டினால் நான்காம் ஆண்டில் அது வெறிச்சோடிக் கிடக்கும் என்பதை அனுபவமுள்ள கணக்காளர்கள் அறிவார்கள். இதற்கு மேல் ஆலை மூடலும் சட்டங்களும் குறுக்கிடுகின்றன. ஹொண்டா சிவிக் ரைப் ஆர் காரைச் செய்துவந்த இங்கிலாந்தின் சுவிண்டன் ஆலை 2021 ஜூலையில் மூடப்பட்டது. அடுத்த தலைமுறை ரைப் ஆர் ஜப்பானின் யோரியி ஆலைக்குப் போய்விட்டது. ரொயோட்டாவின் ஜிஆர்86 ஐரோப்பாவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மட்டுமே விற்கப்பட்டது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப அதை மாற்றியமைப்பது கட்டுப்படியாகாது என்று நிறுவனம் முடிவெடுத்ததே காரணம்.

இவை இயல்பாக உண்டாகும் பஞ்சம். வேண்டுமென்றே உண்டாக்கும் பஞ்சம் இன்னொரு வகை, இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது தவறு என்பது என் கருத்து. சந்தை கேட்பதைவிட ஒரு கார் குறைவாகவே செய்வது என்பது பெராரியின் கொள்கையென்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. 2023இல் உலகம் முழுவதற்கும் அந்நிறுவனம் கொடுத்தவை 13,663 கார்களே. போர்ஷே 2016இல் 911 ஆர் என்ற காரில் 991ஐ மட்டும் செய்தது, அந்தத் தலைமுறைக் காரின் உள்ளிலக்கம் 991 என்பதால். 2023இல் 911 எஸ்/ரி என்ற காரில் 1,963ஐச் செய்தது, 911 அறிமுகமான ஆண்டு 1963 என்பதால். இந்த எண்களை ஆலையின் வலு தீர்மானிக்கவில்லை. கிடைக்காது என்ற நினைப்பும் சேர்ந்தே அங்கு விற்பனையாகிறது. உங்கள் தங்கை மகன் விரும்பிய கார் இந்த வகையைச் சேர்ந்ததல்ல என்பதால், அவன் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

முகவருக்குப் போகும் எண்ணாயிரத்தை ரொயோட்டாவே பட்டியல் விலையில் சேர்த்து எடுத்துக்கொள்ளாதது ஏன் என்பதையும் பலர் கேட்பதுண்டு. நிறுவனம் ஒருமுறை ஏற்றிய விலையை இறக்கினால் பெயர் கெடும். முகவரின் சிறு சீட்டையோ கேள்வி குறைந்த அன்றே சத்தமில்லாமல் கிழித்துவிடலாம். எழுதிய விலை, வாங்க வருபவர்கள் கொடுக்க ஆயத்தமாக உள்ள விலையைவிடக் குறைவாக இருக்கும்போது நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது, அந்தப் பணம் எவரோ ஒருவரின் மடியில் விழுந்தே தீரும். 1970களில் செத்தல் மிளகாய் இறக்குமதியும் வெங்காய இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டபோது அது நம் தோட்டக்காரரின் மடியில் விழுந்தது. உழவு இயந்திரமும் கல்வீடும் அந்தப் பணத்தில் வந்தன. வெயிலில் நீர் இறைத்துப் பாடுபட்டவருக்கே அது போனதில் ஒரு நியாயம் இருந்தது. வேகக் காரில் அந்தப் பணம், காரைச் செய்தவருக்கும் போகாமல் ஓட்டப் போகிறவரிடமும் தங்காமல் இடையில் நிற்பவரிடம் போய்ச் சேர்கிறது. சில வேளைகளில் அந்த இடையாள் முகவர்கூட இல்லை. பட்டியல் விலைக்கு வாங்கி, நூறு மைல்கூட ஓட்டாமல் மறுவாரமே ஏலத்தில் கைமாற்றுகிறவர்.

இதைத் தடுக்க நிறுவனங்கள் முயலாமல் இல்லை. முகவர் என்ன விலைக்கு விற்கவேண்டும் என்று ஆணையிட அமெரிக்காவில் அவற்றுக்கு அதிகாரம் இல்லாததால், அவற்றின் கையிலுள்ள கடிவாளம் ஒதுக்கீடுதான். டொட்ஜ் நிறுவனம் 3,300 மட்டுமே செய்த 2018ஆம் ஆண்டு டீமன் காரில், பட்டியல் விலைக்கோ அதற்குக் கீழோ விற்கும் முகவர்களின் ஓடர்களுக்கே முதலிடம் கொடுத்தது. போர்ட் நிறுவனம் தன் ஜிரி காரை வாங்குபவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதி வாங்கியதோடு, அதை மீறி விற்ற மல்யுத்த வீரரும் நடிகருமான ஜோன் சீனா மீது 2017இல் வழக்கும் தொடுத்தது. வழக்குப் பின்னர் சமரசத்தில் முடிந்தது. போர்ஷே, எஸ்/ரி காரை அமெரிக்கர்களுக்கு முதல் ஓராண்டு குத்தகையாக மட்டுமே கொடுத்தது. தம் பெயரில் இல்லாத காரை விற்க முடியாதல்லவா? நான் அறிந்தவற்றில் பயன் தரக்கூடிய வழி இதுவே.

இனி நியாயம் பற்றி. ஆண்டுக்கு ஐந்து கார் கிடைக்கும் முகவர், வாசலில் நிற்பவரிடம் முதலிலேயே கூடுதல் விலையைச் சொன்னால், அது பேரம். கொடுக்கலாம், திரும்பி வரலாம். முற்பணம் வாங்கி, விலை பேசி, பல மாதம் காக்க வைத்து, கார் வந்திறங்கிய நாளில் புதுச் சீட்டை ஒட்டுவது வாக்குத் தவறுதல். அதை வியாபாரம் என்று ஏற்க என் மனம் இடந்தரவில்லை. ஆகவே உங்கள் தங்கை மகன் முற்பணம் கொடுக்குமுன், பட்டியல் விலைக்கு மேல் எதுவும் இல்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். பெருநகரங்களை விட்டுத் தொலைவிலுள்ள சிற்றூர் முகவர்களுக்கும் தொலைபேசி எடுக்கட்டும். முடிந்தால் ஓராண்டு பொறுக்கட்டும். 1989இல் மஸ்டாவின் மியாற்றா 13,800 டொலர் விலையில் அமெரிக்காவுக்கு வந்தபோது, அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் பலர்; இனிக் கிடைக்காது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 2016இல் அந்த வரிசையின் பத்து லட்சமாவது கார் ஆலையிலிருந்து வெளிவந்தது.

கேள்வி: கூடுதல் விலை கொடுத்தாலும் அரிய கார் பின்னர் தங்கம்போல விலை ஏறும் என்கிறார்களே? (வாசகர், சுன்னாகம்)

பதில்: மேலே சொன்ன போர்ஷே 911 ஆர் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 991 மட்டுமே, கையால் மாற்றும் கியர், இனி இப்படியொன்று வராது என்ற பேச்சு ஆகியவை சேர்ந்து, அது பட்டியல் விலையைப்போலப் பல மடங்குக்குக் கைமாறியது. 2017இல் போர்ஷே தன் ஜிரி3 காரிலும் கையால் மாற்றும் கியரைக் கொடுத்தது. அதே ஆண்டில் ஆர் காரைப்போலவே பின்சிறகு இல்லாத ஜிரி3 ரூறிங் வந்தது. ஆர் காரின் விலை சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் பெரும் நட்டப்பட்டார்கள். தங்கத்தைச் செய்யும் ஆலை எங்கும் இல்லை; காருக்கு ஆலை இருக்கிறது, அதன் சாவியும் உங்களிடம் இல்லை.

கேள்வி: இங்கே வேகக் காரும் இல்லை, இப்போது தடையும் இல்லை, சாதாரணக் காரே கைக்கு எட்டாத விலையில் நிற்பது ஏன்? (வாசகர், நெல்லியடி)

பதில்: 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்படும்வரை, மேலே சொன்ன இடைவெளிப் பணம் ஏற்கெனவே கார் வைத்திருந்தவரின் மடியில் விழுந்தது, சில ஆண்டுகள் ஓடிய கார், புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இப்போது அதே இடைவெளியை அரசு எடுத்துக்கொள்கிறது. சுங்கத் தீர்வை, இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கும் உற்பத்தி வரி, குறித்த பெறுமதியைத் தாண்டினால் ஆடம்பர வரி, இவை எல்லாவற்றுக்கும் மேல் 18 வீதப் பெறுமதி சேர் வரி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன. அந்நியச் செலாவணி தீர்ந்த வேதனையை 2022இல் கண்ட நாட்டில் இதை முற்றாகக் குறைகூற என்னால் முடியவில்லை. ஆயினும் ஆசிரியர் சம்பளத்தில் ஒரு சிறு காரை நினைத்துப் பார்க்கவும் இயலாதிருப்பது வருத்தமே.

பஞ்சம் பட்டியல் விலையை எப்படிப் பொருளற்றதாக்கும் என்பதைத் தொண்ணூறுகளில் இங்கேயே கண்டோம். பெற்றோல் தடைப்பட்டிருந்த அந்தக் காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடக்கூடிய பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களுக்கும் மொறிஸ் மைனர்களுக்கும் புதுவாழ்வு வந்தது. என் பெரியப்பா தன் ஏ40இன் மூடியைத் தூக்கி, மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலை அளந்து கார்பரேற்றரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்புவார். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஒழுங்கை முழுவதும் புகை நிறையும். அவர் வாங்கிய விலையைப்போல இரு மடங்கு தருவதாக ஒருவர் வீடு தேடி வந்தார். அந்த ஒழுங்கையில் இரவில் நோயாளரை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேறு வாகனம் இல்லை என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.