விண்டோஸ் தேடலில் எதை நிறுத்தலாம், எதை விட்டுவைக்கலாம்?

கேள்வி: பழைய கம்ப்யூட்டர், 4 ஜிபி ரேம். விண்டோஸ் சர்ச் சர்வீஸையே டிஸேபிள் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பழைய ('கிளாசிக்') அவுட்லுக்கின் மெயில் தேடலும் அந்த சர்வீஸை நம்பித்தான் இருக்கிறது. அதை நிறுத்தினால் மெயில் தேடுவது மந்தமாகும், முடிவுகளும் முழுசாக வராது. அந்த சர்வீஸ் ஃபைல்களை முன்கூட்டியே படித்து, தேடலுக்கான பட்டியல் (இண்டெக்ஸ்) போட்டுவைக்கும். எத்தனை ஃபைல்களைப் படிக்கிறது என்பதில்தான் பாரமே. கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' திறந்தால் எண்ணிக்கை மேலேயே தெரியும். 4 லட்சத்தைத் தாண்டினால் வேகம் அடிபடலாம் என்கிறது மைக்ரோசாஃப்ட். 'மாடிஃபை' அழுத்தி, தேடவே தேடாத ஃபோல்டர்களின் டிக்கை எடுங்கள். புரோகிராம் எழுதுபவர்கள் முதலில் எடுக்க வேண்டியது புராஜெக்ட் ஃபோல்டரை. அதற்குள் குட்டி ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும். அவுட்லுக் பயன்படுத்துவதையே விட்டுவிட்டீர்களா? அதன் டிக்கும் தேவையில்லை. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய், தேடல் பகுதியில் 'என்ஹான்ஸ்டு' இருந்தால் 'கிளாசிக்' ஆக மாற்றுங்கள். என்ஹான்ஸ்டு மொத்த கம்ப்யூட்டரையும் துழாவும்.

கேள்வி: ஃபைல் பெயரை வைத்துத்தான் தேடுவேன். உள்ளே இருப்பதைப் படிக்காமல் செய்ய முடியுமா?

பதில்: முடியும். இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் 'அட்வான்ஸ்டு', அதில் 'ஃபைல் டைப்ஸ்'. பிடிஎஃப், வேர்டு, டெக்ஸ்ட் என ஒவ்வொரு வகையாகத் தேர்ந்து 'இண்டெக்ஸ் பிராப்பர்ட்டீஸ் ஒன்லி' கொடுங்கள். அட்மின் அனுமதி கேட்கும். சிலர் சி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் இருக்கும் இண்டெக்ஸ் டிக்கை எடுக்கச் சொல்வார்கள். அந்த வழி வேண்டவே வேண்டாம். அது ஒவ்வொரு ஃபைலின் அட்ரிபியூட்டையும் (ஃபைலோடு ஒட்டியிருக்கும் அமைப்புக் குறியை) மாற்றப் போகும். சிஸ்டம் ஃபைல்களில் 'ஆக்சஸ் டினைடு' என்று முட்டி நிற்கும்.

கேள்வி: தேடல் பெட்டியைத் தொட்டாலே படங்களும் செய்திகளும் வருகின்றனவே?

பதில்: செட்டிங்ஸில் அதே 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய், 'ஷோ சர்ச் ஹைலைட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பு) பயன்படுத்தாதவர்கள் 'கிளவுட் கன்டென்ட் சர்ச்' பகுதியில் உள்ளவற்றையும் ஆஃப் செய்யலாம்.

கேள்வி: டிக்கை எல்லாம் எடுத்தும் இண்டெக்ஸ் ஃபைல் இன்னும் பல ஜிபி இருக்கிறது.

பதில்: பழைய பதிவுகள் நீங்கினாலும் ஃபைல் தானாகச் சுருங்கிவிடாது. 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ரீபில்ட்' அழுத்துங்கள். முடியும்வரை தேடல் அரைகுறையாகத்தான் இருக்கும். நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இண்டெக்ஸிங் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே இரவில் சார்ஜரில் போட்டு, ஸ்லீப் ஆகாதபடி வைத்துவிடுங்கள்.