ஏபிசிடி பாட்டா வருது, எழுத்தைக் காட்டுனா முழிக்கிறா, என்ன பண்றது?

ஏற்காட்டுல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணுக்கு நாலரை வயசு, எல்கேஜி. ஏ டு இசட் கடகடன்னு ஒப்பிக்கிறா, அ ஆ இ ஈயும் ராகமா வருது, ஆனா நடுவுல இருந்து ஒரு எழுத்தைக் காட்டி இது என்ன சாமின்னு கேட்டா முழிக்கிறாளாம். பென்சிலைக் கையில குடுத்தாலே அழுகை. எழுதுனாலும் சின்ன பி-யை சின்ன டி-யா திருப்பிப் போட்டுடுறா. தினம் ரெண்டு பக்கம் ஹோம்வொர்க், பாப்பா ஸ்லோன்னு மிஸ் சொல்லிட்டாங்க. போதாததுக்கு அம்மாயி எழுதிக் காட்டுற எழுத்து ஒரு மாதிரி, ஸ்கூல் எழுத்து ஒரு மாதிரி. டாக்டர்கிட்ட காட்டணுமான்னு கேக்குறாங்க.

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிடுறேன்மா. எழுத்தைத் திருப்பி எழுதுறாங்கிறதுக்காக இப்ப டாக்டர் வேண்டாம். ஆறு, ஏழு வயசு வரைக்கும் நிறைய புள்ளைங்க இப்படித்தான் எழுதுவாங்க. பொறந்ததுல இருந்து அவ பாத்த எந்தப் பொருளும் திருப்பி வச்சா பேர் மாறல, சொம்பைக் கவுத்தாலும் சொம்புதான், செருப்பு எந்தப் பக்கம் பாத்து கெடந்தாலும் செருப்புதான். எழுத்து ஒன்னுதான் பக்கம் மாறுனா பேரும் மாறிடுது, அது மனசுல உக்கார நாள் ஆகும். அதனால பி-யையும் டி-யையும் ஒரே வாரத்துல சொல்லிக் குடுக்காதீங்க. பி-க்கு முதல்ல கோடு, அப்புறம் தொப்பை. அது கைக்கு நல்லா பழகி மூணு வாரம் கழிச்சு டி, அதுக்கு முதல்ல சி மாதிரி வளைவு, அப்புறம் கோடு. தமிழ்ல ல-வும் வ-வும், ன-வும் ண-வும் இதே கதைதான், ஜோடியா வச்சா ரெண்டும் குழம்பும்.

ஆனா புக்கைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாக்குறா, தலையைச் சாய்ச்சுப் பாக்குறா, பின்னாடி நின்னு கூப்ட்டா திரும்ப மாட்டேங்குறான்னா கண்ணும் காதும் செக் பண்ணிடுங்க, தள்ளிப் போடாதீங்க.

இப்ப ஒப்பிக்கிற விஷயம். அது பாட்டும்மா, எழுத்து கிடையாது. எல் எம் என் ஓ பி எல்லாம் குழந்தை காதுல "எலமனோபி"ன்னு ஒரே வார்த்தையாத்தான் விழுது. நான் 20 வருஷத்துக்கும் மேல சேலத்துல சின்னப் புள்ளைங்களோடதான் இருக்கேன், வரிசையா ஒப்பிக்க வச்சு எழுத்தை அடையாளம் கண்ட ஒரு புள்ளையையும் நான் பாத்ததில்ல. அடையாளம் ஆரம்பிக்கிறது அவங்க பேர்ல இருந்துதான். பாப்பா பேரு மலர்னு வச்சுக்குவோம், ம-ங்கிறது அவளோட எழுத்து, அதை அவ டிபன் பாக்ஸ்ல, டம்ளர்ல, பை மேல பெருசா எழுதி ஒட்டுங்க. கீழ எறங்குறப்ப பஸ் போர்டுல சேலம்னு போட்டிருக்கும்ல, "உன் எழுத்து இதுல ஒளிஞ்சிருக்கு, எங்கன்னு கண்டுபுடி"ன்னு கேளுங்க. தலையில புள்ளி வச்ச ம-வை அவளே தேடிக் கண்டுபுடிச்சுட்டான்னா அதுக்கப்புறம் மறக்க மாட்டா. நம்பருக்கு ரோடே இருக்கு, 20 கொண்டை ஊசி வளைவுக்கும் போர்டுல நம்பர் போட்டிருக்கு, ஏறி எறங்குறப்ப ஒவ்வொன்னா படிக்கட்டும்.

அடுத்தது, அ-வுல ஆரம்பிக்காதீங்க. சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்கோடுன்னு எல்லாமே அந்த ஒத்தை எழுத்துல இருக்கு, இ-யும் ஈ-யும் அதே மாதிரி கஷ்டம்தான். ட, ப, ம எடுங்க. ட-ன்னா "எறங்கு, போ". ப-ன்னா "எறங்கு, போ, ஏறு". ப வந்துட்டா ம பாதி வந்த மாதிரி. மூணும் புள்ளியும் தெரிஞ்சா படம், மடம், பட்டம், மட்டம்னு நாலு வார்த்தை படிச்சிடுவா, ரெண்டு எழுத்தைச் சேத்தா வார்த்தை வருதுங்கிற அந்த நிமிஷம் அவ முகத்தை நீங்க பாக்கணும். தமிழ்ல இன்னொரு நல்லது, எழுத்தோட பேரே அதோட சத்தம், ப-ன்னா ப. இங்கிலீஷ்ல டபிள்யூங்கிற பேர்ல அந்த எழுத்தோட சத்தமே இல்ல, அதனால அங்க பேரை விட சத்தத்தை முதல்ல சொல்லிக் குடுங்க.

247 எழுத்துன்னு பயப்படவும் வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. கால், கொம்பு, புள்ளின்னு குறி ஒரு ஏழு. கு கூ, டு டூ மாதிரி தனித்தனியா வடிவம் மாறுறது 36. மொத்தமே 75-க்குள்ள அடங்கிடும், இங்கிலீஷ்லயே பெருசு சின்னதுன்னு 52 இருக்கே. கெ, கே, கை மட்டும் மெதுவா வரும், குறி முன்னாடி நிக்குது, சத்தம் பின்னாடி வருது, அதெல்லாம் ஒன்னாம் கிளாஸ்ல பாத்துக்கலாம்.

பென்சில் அழுகைக்கு வர்றேன். மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்கு, பொறக்குறப்ப அதெல்லாம் குருத்தெலும்புதான், ஒன்னொன்னாத்தான் எலும்பாகும், எட்டாவது எலும்பாக ஆரம்பிக்கவே பத்து வயசுகிட்ட ஆயிடும். நாலரை வயசுக் கையை ரெண்டு பக்கம் எழுதச் சொன்னா அதுக்கு வலிக்கும்மா, அடம்னு நெனச்சு அடிச்சுடாதீங்க. அந்தக் கைக்கு முதல்ல வேற வேலை குடுங்க, சப்பாத்தி மாவு பிசையட்டும், பட்டாணி உரிக்கட்டும், நீங்க பக்கத்துல உக்காந்துகிட்டு ஜவ்வரிசியையும் காபிக்கொட்டையையும் கலந்து பிரிக்கச் சொல்லுங்க (மூக்குல காதுல போட்டுக்குவாங்க, விட்டுட்டு எந்திரிக்காதீங்க). காலைல நீங்க வாசல்ல கோலம் போடுறப்ப அவகிட்டயும் ஒரு பிடி கோலப்பொடி குடுங்க, தமிழ் எழுத்தோட வளைவு முழுக்க அதுல இருக்கு. விஜயதசமிக்கு அரிசியில விரல் புடிச்சு எழுத வைக்கிறோமே, அதை ஏன் ஒரு நாளோட நிறுத்தணும், ஒரு தட்டுல ரவையைப் பரப்பி தினம் பத்து நிமிஷம் எழுதட்டும்.

உங்க ஊர்லயே ஒரு பையனைப் பாத்தேன். பென்சிலைக் கண்டா கட்டிலுக்கு அடியில போயிடுவான்னு அவங்க அம்மா சொன்னாங்க. மார்கழிக் காலை, பனி, ஜன்னல் கண்ணாடி பூரா வெள்ளையா ஆவி புடிச்சிருந்துச்சு. யாரும் சொல்லாம போய் ஆள்காட்டி விரல்ல அவன் உயரத்துக்கு ஒரு ட போட்டான், பாத்தான், உள்ளங்கையால தொடச்சான், வாயை வச்சு ஊதி மறுபடி ஆவி புடிக்க வச்சு இன்னொன்னு போட்டான். ரப்பர் வச்சு அழிச்சா பேப்பர்ல தப்பு இருந்த தடம் தெரியும், கண்ணாடியில தடமே இல்ல, அதான் அவனுக்குப் புடிச்சிருந்துச்சு. மலை மேல உங்களுக்கு இது இனாமா கெடைக்குது, விட்றாதீங்க.

அப்புறம் சிலேட்டு, குட்டிக் குச்சி. குச்சியோ கிரேயானோ ஒரு இஞ்ச்தான் இருக்குன்னா கையை மூடிப் புடிக்க இடமில்லாம தானா மூணு விரல்ல புடிப்பாங்க. அவ மணிக்கட்டைப் புடிச்சு இழுத்து எழுத வைக்காதீங்க, பக்கத்துல நீங்க எழுதுங்க, அவ பாத்து எழுதட்டும். இடது கைன்னா இடது கையிலயே எழுதட்டும், மாத்தவே கூடாது.

அம்மாயி தப்பா எழுதல. இலை, யானைன்னு எழுதுறப்ப லை-க்கும் னை-க்கும் தும்பிக்கை வச்சு எழுதுவாங்களே, அது 1978-க்கு முந்தின எழுத்து, அந்த வருஷம்தான் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம்னு மாத்துச்சு. ணா, றா, னாவும் அப்பதான் மாறுச்சு. பாப்பாகிட்ட "இது அம்மாயி எழுத்து, இது உன் எழுத்து"ன்னு சொல்லுங்க, புரிஞ்சுக்குவா. அவங்களைத் தள்ளி வச்சுடாதீங்க, கதை சொல்ல அவங்கதான் வேணும், கதை நெறைய கேட்ட புள்ளைக்குத்தான் எழுத்து மேல ஆசை வருது.

மிஸ்கிட்ட சண்டை வேண்டாம், தனியா பேசுங்க. ரெண்டு பக்கத்துக்குப் பதிலா ரெண்டு வரி போதுமான்னு கேளுங்க, எழுதலைன்னாலும் காட்டுன எழுத்தை அடையாளம் சொல்றாளான்னு பாக்கச் சொல்லுங்க. 2022-ல "எண்ணும் எழுத்தும்"னு சின்ன வகுப்புப் புள்ளைங்களுக்கான திட்டத்தைக் கொண்டு வந்தப்ப நம்ம அரசாங்கமே எழுத்தும் படிப்பும் கைவர எட்டு வயசுக்குள்ளங்கிறதைத்தான் இலக்கா வச்சாங்க, உங்க பொண்ணுக்கு அதுக்கு இன்னும் மூணரை வருஷம் இருக்கு.

இந்த வாரம் ம மட்டும். அடுத்த தடவை சேலம் பஸ்ல ஏறுறப்ப அவ போர்டைப் பாத்து என்ன சொன்னான்னு மறக்காம எழுதுங்க.